ஓடை வழி, கடக்கலாம்

இறங்கி வந்த அந்த ஜோடி பதிவேட்டில் கோடு போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருந்தால், தடக்காரர் பாட்டுக்குச் சன்னலோரம் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார். மனுஷன் என்றால் வாயை மூட மாட்டானே. அன்றைக்கு மூடாததும் நல்லதாகத்தான் போயிற்று.

மலைப் பூங்காவின் கீழ் அலுவலகம் அது. ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு வயர்லெஸ் பெட்டி, சுவரில் நனைந்த கயிறுகள், மூலையில் உடைந்த ஸ்ட்ரெச்சர். மலை ஏறுகிறவன் எவனானாலும் இங்கே பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். இறங்கினதும் அதே வரிக்கு நேரே ஒரு கோடு. இறங்குவதாகச் சொன்ன நாளில் கோடு விழாவிட்டால் சாயங்காலம் தேட ஆள் போகும். அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் அதற்காகத்தான் வந்தார்கள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, கால் இழுத்துக்கொண்டு, ஆனால் சந்தோஷமாக.

எங்கே போனீர்கள் என்று தடக்காரர் கேட்டார். கேட்பது வழக்கம். ஓடை வழியில் போனோம், முந்தாநாள் ராத்திரி மேல் குடிலில் தங்கினோம், ஆனால் நேற்றுக் காலையில் பனிப்பாலத்தோடு திரும்பிவிட்டோம், ராத்திரி குடிலுக்குப் போகாமல் ஓடைக்கரையில் கூடாரத்தில் படுத்துவிட்டு இப்போதுதான் இறங்குகிறோம் என்று அந்தப் பெண் சொன்னாள்.

தைலப் புட்டியை மூடிக்கொண்டிருந்த கை நின்றது.

"திரும்பிட்டீங்களா? ஏன்?"

புருஷன் சொன்னான். பாலத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு அடி நடந்திருப்பார்களாம். காலுக்கு அடியில் குடம் கவிழ்த்த மாதிரி தண்ணீர்ச் சத்தம். இவன் கையிலிருந்த குச்சியை ஊன்றினானாம். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டதாம். இழுத்தால், ஓட்டை வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்ததாம். அப்படியே, வந்த கால்தடத்திலேயே கால் வைத்துப் பின்பக்கமாக நடந்து வந்துவிட்டார்களாம்.

"எத்தனை மணிக்கு?"

"பத்து இருக்கும் சார்."

"உங்களுக்கு முன்னாடி பாலத்துல கால்தடம் எதாவது இருந்துதா?"

"இல்ல சார். நாங்கதான் மொதல்ல."

தடக்காரர் பதிவேட்டை அவர்கள் பக்கம் தள்ளினார். அவர்கள் கோட்டைப் போட்டார்கள், போனார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பது.

அவர் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்ப வேண்டாம். கோடையில் பனி உருகத் தொடங்கினதிலிருந்து மறுபடி பனி விழுகிற வரைக்கும், தினமும் ஒரு தடத்தில் நடந்துபோய், அது எப்படி இருக்கிறது என்று பார்த்து வந்து, வாசலில் உள்ள கண்ணாடிப் பெட்டிப் பலகையில் எழுத வேண்டும். ஆறு தடம், ஆறு வரி. 'கடக்கலாம்', 'கவனம்', 'மூடல்', மூன்றில் ஒரு சொல். பக்கத்தில் தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் நூறு பேர் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறார்கள்.

இருபத்தாறு கோடையாக எழுதுகிறவர். யாரையும் நம்ப மாட்டார். வானிலை அறிக்கையை நம்ப மாட்டார், போட்டோவை நம்ப மாட்டார், 'நல்லா இருக்கு சார், தாராளமா போகலாம்' என்று சொல்லுகிறவனை அறவே நம்ப மாட்டார். கடையில் சோப்பு வாங்கினாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். பலகையில் எழுதுகிற வரி, எழுதினவன் காலுக்கு அடியில் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவரே அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இறங்கி வந்தவர்களிடம் விசாரித்துவிட்டு எழுதின ஒருத்தனை ரேஞ்சர் முன்னால் நிறுத்தி, தடவேலையிலிருந்து தூக்கி, காட்டு ரோட்டு கேட்டில் கம்பி தூக்குகிற வேலைக்கு மாற்ற வைத்தவரும் அவரேதான்.

அப்படிப்பட்டவர் முந்தாநாள் ராத்திரி படியில் வழுக்கினார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. நேற்று ஓடை வழி முறை. முழங்காலைக் கட்டிக்கொண்டு பத்து மணிக்குத்தான் கிளம்ப முடிந்தது, மேல் குடிலுக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது, அதுவரைக்கும் ஏறினார். அதற்கு மேல் கால் வரமாட்டேன் என்றது. பாறையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காலை நீவினார். நீவினாலும் வரவில்லை. அங்கிருந்து பைனாகுலர் வைத்தால் பனிப்பாலம் தெரியும்.

பனிப்பாலம் என்பது யாரும் கட்டினது அல்ல. மழைக்காலத்து ஓடைப் பள்ளத்தில் குளிர்காலம் பூராவும் பனி விழுந்து நிரம்பிக் கெட்டியாகும். கோடையில் அடியில் ஓடுகிற தண்ணீர் அதைத் தின்னும். மேலே வளைவாக ஒரு தகடு மிஞ்சும். அதன் மேல்தான் எல்லோரும் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போவார்கள். காலையில் கல் மாதிரி இருக்கும். மதியத்தில் அப்பளம்.

பைனாகுலரில் பார்த்தபோது பாலம் வெள்ளையாக, முழுசாக இருந்தது. அதன் மேல் எறும்பு வரிசை மாதிரி கால்தடம். புதுசு. அன்றைக்குக் காலையில் போனது. ஆள் போயிருக்கிறான், அவன் பறந்தா போவான், என்று தடக்காரர் நினைத்தார். மனுஷன் வாய் பொய் சொல்லும், கால் பொய் சொல்லாது என்பது அவர் எண்ணம். பாலத்தின் நடுவில் ஒரு மேடு. அதற்கு அந்தப் பக்கம் கீழிருந்து தெரியாது. மேட்டுக்கு அப்பாலும் தடம் போயிருக்கும் என்று மனசே கோடு போட்டுக்கொண்டது. திரும்பி வந்து எழுதினார்: ஓடை வழி, கடக்கலாம்.

அந்தத் தடம் போகவே இல்லை. பன்னிரண்டு அடியில் நின்று, வந்த வழியே பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

இப்போது பாலத்துக்கு அப்பால் மலைமேல் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தன் அவருடைய தங்கை புருஷன்.

மாப்பிள்ளை வழிகாட்டி. ஆட்களைக் கூட்டிக்கொண்டு உச்சிக்குப் போய் உயிரோடு இறக்கிக்கொண்டு வருவது தொழில். இரவு இரண்டு மணிக்கு முகட்டு வழியில் ஏறுவான். அது பாறை, ஏற நல்லது, இறங்க ஆகாது. அதனால் இறக்கம் எப்போதும் ஓடை வழி. பனிப்பாலம் தாண்டினால்தான் மேல் குடில், அதற்குப் பிறகுதான் வீடு. இன்றைக்கு ஒரு பல் டாக்டரையும் அவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

அவனும் லேசில் எதையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் பலகையில் மச்சான் கையெழுத்து இருந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பான். 'என் மச்சான் பொண்ணு குடுக்கும்போதே என்னைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டுதான் குடுத்தார், பனியையா விடப்போறார்' என்று வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நேற்று சாயங்காலம்கூட டீ டம்ளரோடு பலகைக்கு முன்னால் நின்று, பாலம் எப்படி இருக்கு மச்சான் என்று கேட்டான். தடக்காரர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதியிருக்கேன்ல, படிக்கத் தெரியாதா" என்றார். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

ஒன்பது நாற்பத்திரண்டு. தடக்காரர் எழுந்து வெளியே போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அந்த வரியைத் துணியால் துடைத்து, 'மூடல்' என்று எழுதினார். அடுத்து செய்ததுதான் தப்பு. நேற்று செய்ததைவிடப் பெரிய தப்பு என்றுகூடச் சொல்லுவேன்.

வழிகாட்டிகள் பேட்டரி தீராமல் இருக்க வாக்கி-டாக்கியை அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். மணிக்கு ஒரு தடவை, முதல் ஐந்து நிமிடம் திறப்பார்கள். பத்து மணிக்கு மாப்பிள்ளை திறப்பான், அவனிடம் மட்டும் நைசாகச் சொல்லிவிடலாம், 'பாலம் மெலிஞ்சிருக்கு, கயிறு போட்டு வா' என்று ஒரு வார்த்தை, வேறு யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று தடக்காரர் கணக்குப் போட்டார். மேல் குடிலை உடனே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் குடிலைப் பார்த்துக்கொள்ளுகிறவள் ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து பதினெட்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில் கூரைத் தகரத்தைச் சுட ஆரம்பித்திருந்தது. தகரம் டக் டக்கென்று விரிகிற சத்தம் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

பத்து மணி. கூப்பிட்டார். பதில் இல்லை. பத்து இரண்டு, பத்து நாலு. கரகரவென்ற இரைச்சல் மட்டும். ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் இரண்டு பக்கமும் பாறைச் சுவர், பாலத்துக்கு வந்து சேரும்வரை வயர்லெஸ் எட்டாது. அப்படியென்றால் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறான். உச்சியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் ஏன் இறங்குகிறான் என்று அவருக்குப் புரியவில்லை.

மேல் குடிலைக் கூப்பிட்டார். அங்கே சமைத்துப்போட்டு, படுக்கை கொடுத்து, பத்து வருஷமாகக் குடிலைப் பார்த்துக்கொள்ளுகிற அம்மாள் எடுத்தாள். பாலத்துக்கு முக்கால் மணி நடையில் இருக்கிற ஒரே ஆள் அவள்தான்.

"சொல்லுங்கண்ணே. கையில கரண்டி இருக்கு, சுருக்கமா சொல்லுங்க."

ஒரு எட்டு பாலத்துக்குப் போய், மாப்பிள்ளை வந்தால் அக்கரையிலேயே நிறுத்திவிடு என்றார். அவள் எதற்கு என்றாள். நீங்கள்தானே கடக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், நேற்று குடிலிலிருந்து பலகையை விசாரித்து இங்கே எல்லோருக்கும் அதையேதான் சொன்னேன் என்றாள். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது, மனசுக்கு என்னவோ சரியாகப் படவில்லை என்று இவர் இழுத்தார்.

அவள் சிரித்தாள். உங்கள் மனசுக்கு என்றைக்கு எது சரியாகப் பட்டிருக்கிறது அண்ணே என்றாள். இருபத்திரண்டு பேர் பதினொன்றரைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், அவர்களுக்குப் போட்டுவிட்டு ஒரு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றாள்.

தடக்காரர் பொத்தானை அழுத்தினார். இது எல்லோரும் கேட்கிற அலைவரிசை. தலைமை அலுவலகத்தில் ரேஞ்சர் கேட்பார். மற்ற வழிகாட்டிகள் ஏழெட்டுப் பேர் கேட்பார்கள். காட்டு ரோட்டு கேட்டில் கம்பி தூக்குகிறவன் கேட்பான். அவனுக்கு வேறு வேலையே இல்லை.

"நேத்து நான் பாலத்துக்குப் போகலம்மா" என்றார். "கீழ் வளைவுல உக்காந்து பைனாகுலர்ல பார்த்துட்டு எழுதிட்டேன். நடுவுல பொத்தல். மாப்பிள்ளை ரெண்டு பேரோட அதுக்குத்தான் இறங்கிட்டிருக்கான்."

கரண்டி எதன் மேலோ விழுகிற சத்தம் கேட்டது.

"அடுப்பை அணைச்சுட்டேன்" என்றாள் அவள்.

உடனே ரேஞ்சர் குரல் குறுக்கே வந்தது. யார் பேசுவது, என்ன சொன்னீர்கள், திரும்பச் சொல்லுங்கள் என்றது. தடக்காரர் திரும்பச் சொன்னார். இரண்டாவது தடவை சொல்லும்போது இன்னும் நீளமாக இருந்தது. ஹெலிகாப்டர் கேட்டுப் பார்க்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று மட்டும் ரேஞ்சர் சொன்னார்.

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்ப முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இடது காலால் உதைத்தார். காட்டு ரோட்டு கேட்டுக்கு நூறு கஜம் இருக்கும்போதே கம்பி மேலே தூக்கியிருந்தது. பக்கத்தில் அவன் நின்றான், இவர் தடவேலையிலிருந்து தூக்கவைத்த ஆள். ஏதாவது சொல்லுவான் என்று தடக்காரர் எதிர்பார்த்தார். சொல்லியிருந்தால் தேவலை. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான், இவர் போகும்வரை.

ரோடு முடிகிற இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஏற ஆரம்பித்தபோது பத்து இருபத்தைந்து. ஒரு காலை வைத்து, இன்னொரு காலைத் தூக்கி வைத்து, படிக்குப் படி குச்சியை ஊன்றி. நல்ல காலிருந்தால் ஒரு மணி நேர ஏற்றம். வாக்கி-டாக்கியை நெஞ்சுப்பையில் செருகியிருந்தார். அது ஒவ்வொரு தடவை இருமும்போதும் நின்றார். மேலே உச்சியைச் சுற்றி வெள்ளையாக மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அடி கறுத்த மேகம். மதியத்துக்கு மேல் இடி இருக்கும்.

நேற்று உட்கார்ந்த வளைவுக்கு வந்தார். பைனாகுலரை எடுக்கவில்லை. எடுக்கப் பிடிக்கவில்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்கு வாக்கி-டாக்கி உயிர்பெற்றது. முதலில் மூச்சிரைப்பு, பிறகு தண்ணீர் இரைச்சல், பிறகு குடிலம்மாள்.

"வந்துட்டேன். ஆளைக் காணோம். இல்ல, இருங்க, இருக்காங்க. எதிர்ப்பக்கம். அண்ணே, முன்னாடி வர ஆளு பாலத்துல கால வெச்சுட்டார்."

பொத்தானை விட்டுவிட்டாள். சத்தம் நின்றது.

தடக்காரர் தடத்தின் நடுவில் நின்றார். அங்கே அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஓடினாலும் அரை மணி. கூப்பிட்டால் அவள் கையைக் கட்டுகிற மாதிரி. ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு இறங்கும்போது முறை என்னவென்று அவருக்குத் தெரியும்: வழிகாட்டி பின்னால் வருவான், ஆட்கள் முன்னால். முன்னால் உள்ளவன் விழுந்தால் பின்னால் உள்ளவன் பிடிக்க வேண்டும். ஆனால் 'கடக்கலாம்' என்று எழுதியிருக்கிற பாலத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எவன் வருவான்? லூசாக விட்டிருப்பான். முன்னவன் விழுந்தால் மூன்று பேரையும் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போகும். தங்கை இந்நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். அவர் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். ஏன் எண்ணுகிறோம் என்று தெரியவில்லை. அறுபத்தேழு வரைக்கும் எண்ணினார்.

"நின்னுட்டாங்க" என்றாள்.

தடக்காரர் பாறையில் கையை வைத்துக்கொண்டார்.

நடந்ததை அவள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். தண்ணீர் இரைச்சலில் கத்தினால் எதுவும் கேட்காது. தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டியிருக்கிறாள்; வராதே என்பதற்கு மலையில் அதுதான் சைகை. முன்னால் வந்த பல் டாக்டர், யாரோ வரவேற்கிறார்கள் என்று பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு இன்னும் இரண்டு அடி வைத்திருக்கிறார். பின்னாலிருந்த மாப்பிள்ளைதான் பார்த்துப் புரிந்துகொண்டு கயிற்றைச் சுண்டி இழுத்திருக்கிறான். டாக்டர் பொத்தென்று பின்பக்கமாக உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து கரைக்குப் போயிருக்கிறார்.

பிறகு மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"மச்சான்."

"சொல்லு மாப்பிள்ளை."

"நேத்து நான் கேட்டேன்ல."

"கேட்ட."

"பாலத்துக்குப் போனியா?"

"போகல."

மேலே எங்கோ கல் உருளுகிற சத்தம். வாக்கி-டாக்கியில் இரைச்சல்.

"சரி, வா" என்றான் அவன்.

பதினொன்று ஐம்பதுக்குத் தடக்காரர் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேற்று பார்க்க வேண்டியதை இன்றைக்குப் பார்த்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம் பாலம் நீலம் பாரித்துத் தொய்ந்திருந்தது. குச்சி போன ஓட்டை இப்போது வாளி அகலம். ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், மேலே வந்து நின்றிருந்தால்.

எதிர்க்கரை ஒரு வீட்டு நீளம்தான் இருக்கும். மாப்பிள்ளை நின்றான். டாக்டர் பக்கத்தில். டாக்டரின் தம்பி பாறையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். விடியற்காலையிலிருந்து வாந்தி, தலைவலி, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் உச்சிக்குப் போகாமலே சீக்கிரம் இறங்கினார்கள். அவனை வைத்துக்கொண்டு திரும்ப மேலே ஏறி முகட்டைச் சுற்றி வருவது நடக்காது, எட்டு மணி நேரம். இந்த மேகத்தில் ஹெலிகாப்டர் வராது என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார். அங்கேயே உட்கார்ந்திருந்தால் இடி இறங்கும், மேலே உள்ள கல்லெல்லாம் பள்ளத்தில் வரும். இருக்கிற வழி ஒன்றுதான். வெயிலுக்கு இன்னும் மெலிவதற்குள் இதே பாலத்தில், இருபக்கமும் கயிறு பிடித்து, வயிற்றால் ஊர்ந்து வர வேண்டும்.

மாப்பிள்ளை கயிற்று நுனியில் கல்லைக் கட்டி வீசினான். மூன்றாவது வீச்சில் இக்கரைக்கு வந்தது. தடக்காரர் குனிந்து எடுத்தார். பின்னால் கோணிச் சாக்கு அளவுக்கு ஒரு பாறை இருந்தது. அதில் சுற்றிக் கட்டப் போனார்.

"அக்கா" என்று வாக்கி-டாக்கியில் மாப்பிள்ளையின் குரல். "முடிச்சை நீங்க போடுங்க."

அண்ணன்தான் இருக்கிறாரே, எனக்குக் கை பழக்கம் விட்டுப்போச்சு என்று அவள் சொன்னாள்.

"நீங்க போடுங்க. மச்சான் தொட வேண்டாம்."

குடிலம்மாள் தடக்காரரைப் பார்த்தாள். அவர் கயிற்று நுனியை அவள் கையில் கொடுத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். அவள் பாறையைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாறையின் இடப்பக்க விளிம்பு கத்தி மாதிரி. பாரம் ஏறினால் கயிறு அதில் அறுபடும். சொல்லலாமா வேண்டாமா என்று தடக்காரர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு தன் கோட்டைக் கழற்றி மடித்து நீட்டினார்.

"அந்த ஓரத்துல இதைக் குடும்மா. அறுத்துடும்."

அவள் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கோட்டை வாங்கி அடியில் வைத்தாள்.

முதலில் தம்பி. அவனை வயிற்றில் படுக்க வைத்து, அக்கரையில் மாப்பிள்ளை கயிற்றை விட விட, இக்கரையில் குடிலம்மாள் இழுத்தாள். மூட்டை மாதிரி வந்தான். நடு மேட்டில் ஒரு தடவை நின்று வாந்தி எடுத்தான். அந்த நேரம் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. அடுத்தது டாக்டர். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஊர்ந்தார், என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஓட்டையைத் தாண்டும்போது மட்டும் பேச்சு நின்றது. இக்கரை வந்ததும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசி மாப்பிள்ளை. அவனுக்கு அக்கரையில் பிடிக்க ஆள் இல்லை. இந்தப் பாறையும் இந்த முடிச்சும்தான்.

அவன் படுத்தான். கையை நீட்டி, உடம்பை இழுத்து, கையை நீட்டி. ஓட்டைக்கு இடப்பக்கமாக வந்தான். மேட்டுக்கு ஒரு கை தூரம் இருந்தபோது 'தும்' என்று ஒரு சத்தம், காதில் அல்ல, காலில் கேட்கிற மாதிரி. பாலத்தின் வலப்பாதி மொத்தமாக விண்டு கீழே போயிற்று. தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது. மிஞ்சினது ஒரு கதவு அகலம். அதன் மேல் அவன் குப்புறக் கிடந்தான், ஒரு கால் வெளியே தொங்க. அசையவில்லை. முகத்தைத் தூக்கி இவர்களைப் பார்த்தான். அவ்வளவு தூரத்திலும் கண் தெரிந்தது.

குடிலம்மாள் இழுத்தாள். கயிறு நனைந்து கனத்து வரமாட்டேன் என்றது. டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. தொட வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்ன கயிற்றைத் தடக்காரர் தொட்டார். இரண்டு கையிலும் சுற்றி, வீங்கின காலைப் பாறைக்கு முட்டுக் கொடுத்து, பின்னால் சாய்ந்தார். முழங்காலில் எதுவோ பிசகினது தெரிந்தது. விடவில்லை. அவளும் அவரும் சேர்ந்து இழுத்தார்கள், சாண் சாணாக. அவன் மேட்டைத் தாண்டினான், கெட்டிப் பனிக்கு வந்தான், முழங்கையை ஊன்றினான், கரைக்கு வந்தான்.

கொஞ்ச நேரம் எல்லோரும் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள்.

டாக்டருக்குத்தான் முதலில் வாய் வந்தது. எப்படியோ பாதி தாங்கிவிட்டதே, பாவம் அவர் எழுதினதும் பாதி சரிதான் என்றார். குடிலம்மாள் எழுந்து, குடில் வாசலில் இருபத்திரண்டு பேர் பட்டினியாக நிற்பார்கள், என்னைத் திட்டுவார்கள், நான் முன்னால் போகிறேன் என்று தம்பியின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளை கையுறையைக் கழற்றினான். விரல் நகத்தில் ரத்தம். தண்ணீர் குடித்தான். கோட்டை எடுத்துப் பார்த்தான். கயிறு அழுத்தின இடத்தில் துணி கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அதைத் தடக்காரர் மடியில் வைத்தான்.

"இதை அக்காவா வெச்சாங்க?"

"வெச்சது அவதான். குடுத்தது நான்."

அவன் தலையாட்டினான்.

"மாப்பிள்ளை, நான்" என்று தடக்காரர் ஆரம்பித்தார்.

"உன் தங்கச்சிகிட்ட நீயே சொல்லு மச்சான். நான் சொன்னா, மூட்டி விட்டேன்னு ஆகும். நாலு நாள் சோறு கிடைக்காது எனக்கு."

சொல்கிறேன் என்றார். ரேஞ்சர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். யாருக்கும் சேதமில்லையே என்று கேட்டார், சேதமில்லை என்று தடக்காரர் சொன்னார். பிறகு, சாயங்காலம் அலுவலகத்துக்கு வாங்க, பலகைப் பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாங்க என்றார். சரி என்றார் தடக்காரர். அதில் பேச ஒன்றுமில்லை. தானே போட்ட சட்டம்.

குடிலுக்குப் போகிற வழியில், நிழல் விழுகிற ஒரு மடக்கில், உருகாமல் மிஞ்சின பனித்திட்டு ஒன்று தடத்தின் குறுக்கே கிடந்தது. இருபது அடி இருக்கும். அதன் கீழே ஓடை இல்லை, பள்ளம் இல்லை, வெறும் மண். டாக்டர் அதில் கால் வைக்கப் போனார். மாப்பிள்ளை கையை நீட்டித் தடுத்தான்.

"அது ஒண்ணுமில்ல" என்றார் தடக்காரர். "இப்பதான் அது மேல வந்தேன். கெட்டியா இருக்கு. பாரு, என் கால்தடம்தான்."

மாப்பிள்ளை கால்தடத்தைப் பார்த்தான். பிறகு பனிக்கோடாரியைத் திருப்பிப் பிடித்து, அதன் கம்பை முன்னால் குத்தினான். ஒரு அடி வைத்தான். மறுபடி குத்தினான். இருபது அடிக்கும் அப்படியே போனான், ஒரு குத்து விடாமல். டாக்டர் அவன் காலடியில் காலடி வைத்துப் பின்னால் போனார்.

தடக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை இந்தப் பக்கமே நின்றார். அவன் இடத்தில் அவர் இருந்திருந்தாலும் குத்தித்தான் பார்த்திருப்பார்.